படிப்பு: இல்லை

பூட்டுக்காரரின் கருவிப் பெட்டி பட்டப்பகலில், பதினோரு மணி வெயிலில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருட்டுப் போனது. திருட்டு என்று சொல்வது சட்டப்படி தவறு. அது ஏன் தவறு என்பது சற்றுப் பொறுத்தால் தெரியும். பூட்டுக்காரருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். பத்திரப்பதிவு அலுவலகச் சுவரோரம் ஒரு பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்து முப்பத்தொரு வருடமாகச் சாவி செய்கிறவர் அவர். எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், பூனை என்று ஊரே கூப்பிடும் ஆள் குடைக்குள் நின்றுகொண்டிருந்தான். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். "வரேண்ணே" என்றான். போய்விட்டான். சூடான டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாதென்று பூட்டுக்காரர் முதலில் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். அதற்குள் அவன் தெருமுனை திரும்பிவிட்டான்.

பெட்டியில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று கேட்கிறவர்கள் ஒருமுறையாவது சாவியைத் தொலைத்துவிட்டுத் தன் வீட்டு வாசலிலேயே நின்று பார்க்க வேண்டும். ஏழு அரங்கள் இருந்தன. வெட்டாத சாவிகள் இருநூறு, கம்பி வளையங்களில் கோத்துக் கிடந்தன. பழைய மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளை அவரே தட்டித் தேய்த்துச் செய்த கொக்கிகள் பதினாறு. அந்தக் கொக்கிகள் எந்தக் கடையிலும் கிடைக்காது. பெட்டி போனால் அவருக்குக் கை போனது மாதிரிதான். வீட்டில் மனைவி, மகள், போன மாதம் வெளியூரிலிருந்து மகளோடு வந்து சேர்ந்த நாலு வயதுப் பேத்தி என்று மூன்று பேரும் அந்தக் கையைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆக, அவர் காவல் நிலையத்துக்குப் போனார்.

முப்பது வருடத்தில் அவர் அங்கே நூறு முறையாவது போயிருப்பார், எல்லாம் பூட்டு திறக்கத்தான். லாக்கப்புக்கும் பொருள் அறைக்கும் பூட்டுப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். புகார் கொடுக்கப் போவது இதுவே முதல் தடவை. ரைட்டர் என்று எல்லோரும் கூப்பிடும் நிலைய எழுத்தர், கம்ப்யூட்டருக்கு முன்னால் முகவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக ஊரார் சண்டையையெல்லாம் எழுதி எழுதி எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர்.

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?" என்றார் ரைட்டர்.

"பூனைதான் சார். என் கண்ணு முன்னாடியே எடுத்தான். சொல்லிட்டே போனான்."

ரைட்டர் தட்டினார். பெயர், வயது, முகவரி எல்லாம் சரியாகப் போனது. நாலாவது கட்டத்தில் வந்து நின்றது.

"படிப்பு?"

"அவனுக்கா?"

"பி.ஏ. வாங்கியிருக்கான். எனக்கே தெரியும். ஆனா இந்தக் கட்டத்துல பி.ஏ. கிடையாது. பாருங்க."

பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். திரையில் மூன்றே மூன்று வரிகள் இருந்தன, ரைட்டரே படித்துக் காட்டினார். இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை. பள்ளி வரை.

"பட்டதாரின்னு ஒண்ணு போட்டுக்க முடியாதா சார்?"

"இருந்துது. தூக்கிட்டாங்க. பட்டதாரிங்க குற்றம் செய்யறதில்லைன்னு ஆய்வுல தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அந்த வரி எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?"

இந்த இடத்தில் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் தலைநகரில் ஓர் ஆணையம் உட்கார்ந்தது. ஒன்பது மாதம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தபோது கையில் ஓர் உண்மை இருந்தது: சிறையில் இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆணையம் அப்படி விடவில்லை. எல்லோரையும் கல்லூரி வாசலை மிதிக்க வைத்துவிட்டால் சிறை காலியாகிவிடும் என்று கண்டுபிடித்தது. நிலையத்துக்கு ஒரு கல்லூரி என்று சட்டம் வந்தது. இந்த ஊர்க் கல்லூரியை நிலையத்தின் சுவரை ஒட்டியே கட்டினார்கள். நிலையத்துக்கு வருகிறவர்கள் கல்லூரி வழியாகத்தான் வரவேண்டும் என்று பாதையையும் திருப்பிவிட்டார்கள். எழுபத்தைந்து நாள் வாசலை மிதித்தால் பட்டம்.

பூனைக்கு அப்போது பழைய வழக்குகளுக்காகத் தினமும் காலையில் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போடும் நிபந்தனை இருந்தது. ஆகவே முதல் அணியிலேயே தேறினான். வருகையில் முதலிடம். கல்லூரி வாசலில் அவன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அதே படம் நிலையத்து அறிவிப்புப் பலகையிலும் வேறொரு காரணத்துக்காக முன்பு ஒட்டப்பட்டிருந்தது. ஒரே படத்தை இரண்டு இடத்திலும் பயன்படுத்திய சிக்கனத்தை ஆணையம் பாராட்டியது.

"அப்ப என் பெட்டி?" என்றார் பூட்டுக்காரர்.

"புகார் வந்துடுச்சு. புகார் வந்தா இருபத்துநாலு மணி நேரத்துல எதிரி பேரு, அதான் குற்றவாளி பேரு, போட்டாகணும். போடலைன்னா இது சிவப்பாவே நிக்கும், மேல இருந்து போன் வரும்." ரைட்டர் திரையை மேலும் கீழும் உருட்டினார். பிறகு கண்ணை அவர் பக்கம் திருப்பாமல் கேட்டார். "உங்க படிப்பு என்ன?"

"ஒண்ணுமில்லை சார். ஒண்ணாவதுல பாதியிலயே நின்னுட்டேன்."

ரைட்டர் தட்டினார். திரை ஒரு சின்ன மணி அடித்துப் பச்சையானது.

"எடுத்துக்கிச்சு" என்றார்.

"என்னத்த எடுத்துக்கிச்சு?"

"உங்க பெட்டியை நீங்களே திருடிட்டதா எடுத்துக்கிச்சு."

பூட்டுக்காரர் சிரித்தார். ரைட்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்துப் பூட்டுக்காரரும் நிறுத்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த எல்லையில படிக்காத பெரியவர்னு இப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம். மத்தவங்க எல்லாரும் தேறிட்டாங்க. பிறக்கற குழந்தைக்கே ஆஸ்பத்திரியில கல்லூரி சீட்டு எழுதிடறாங்க. உங்களுக்கும் மூணு தடவை கடிதம் வந்துதே, வந்து வாசலை மிதிங்கன்னு. குடையை விட்டுட்டு வர முடியாதுன்னீங்க. அதனால இந்த வருஷம் இதோட சேர்த்து உங்க மேல நாப்பத்திரண்டு."

"நாப்பத்திரண்டு என்ன?"

"கேஸ்."

ரைட்டர் மறைக்கிற ஆள் இல்லை. பட்டியலைத் திருப்பிக் காட்டினார். பூட்டுக்காரருக்குப் படிக்க வராததால் வாசித்தும் காட்டினார். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பூட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணின் பையை அறுத்திருந்தார். அதே பத்தரைக்கு ஊரின் மறுகோடியில் ஒரு மாடி வீட்டுக் குழாய்களைக் கழற்றியிருந்தார். வங்கி மேலாளரின் கையெழுத்தை ஆறு முறை அச்சு அசலாகப் போட்டிருந்தார். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத மனிதர் ஆங்கிலத்தில் மிரட்டல் கடிதம் எழுதியிருந்தார், அதுவும் நல்ல இலக்கணத்தோடு.

"இவ்வளவு பண்ணியிருக்கேன், ஏன் சார் என்னைப் பிடிக்கலை?"

"பிடிச்சா உள்ள இருப்பீங்க. உள்ள இருக்கறவர் மேல அடுத்த கேஸ் போட முடியாதே. வருஷம் முடியட்டும், மொத்தமா பிடிச்சுக்கலாம்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார்."

"வருஷம் எப்ப சார் முடியுது?"

"வெள்ளிக்கிழமை" என்றார் ரைட்டர்.

அன்று செவ்வாய்.

இன்ஸ்பெக்டரின் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம். மேலே ஆரம்பித்த கோடு சறுக்குமரம் மாதிரி கீழே வந்து, தரையைத் தொடுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றிருந்தது.

"வாங்க, வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர், விருந்தாளியை வரவேற்கிற மாதிரி. "இதோ பாருங்க. தொண்ணூத்தாறு சதவீதம் குறைஞ்சிருக்கு. மிச்சம் இருக்கற நாலு சதவீதம் நீங்கதான்."

"நான் ஒண்ணுமே பண்ணலையே சார்."

"நீங்க பண்ணீங்கன்னு யார் சொன்னது? இதெல்லாம் தனிப்பட்ட முறையில எடுத்துக்கக் கூடாது. கல்வி கொடுத்தோம், குற்றம் குறைஞ்சுது. எங்க குறைஞ்சுதுன்னு சில பேர் கேக்கறாங்க. பட்டியல்ல குறைஞ்சுது. பட்டியல்ல குறையாம வெறும் ஊர்ல மட்டும் குறைஞ்சு யாருக்கு என்ன பிரயோஜனம்? யாராவது வந்து ஊரை எண்ணவா போறாங்க? பட்டியலைத்தான் எண்ணுவாங்க."

"அப்ப முழுசா குறைச்சுடுங்களேன் சார். அந்த நாலையும் எடுத்துடுங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அங்கதான் நீங்க யோசிக்கணும். பூஜ்யம் ஆயிடுச்சுன்னா நிலையம் எதுக்குன்னு கேப்பாங்க. முப்பத்தெட்டு பேர் வேலை பாக்கறோம், எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. உங்களை நம்பித்தான் இந்த நிலையமே நடக்குது. உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? ஜெயில்ல உங்களுக்குக் காத்தோட்டமான அறையாத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

பூட்டுக்காரர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தார். அதிகாரிகளின் அறைக்குள் போகிற எல்லோருக்கும் இது நடப்பதுதான்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? காலேஜைப் பெருக்கறதுக்குப் போனவ நானு. தினமும் வாசலை மிதிக்கறேன்னு எம்.ஏ. குடுத்துட்டாங்க. விளக்குமாத்தைக் கீழ வைக்கக்கூட விடலை, அப்படியே நிக்க வச்சுப் போட்டோ எடுத்தாங்க. நீங்களும் நாலு நாள் வந்து நின்னிருந்தா இந்த வம்பு உண்டா?"

"எம்.ஏ. எதுல?"

"யாருக்குத் தெரியும்? கேட்டேன். அடுத்த வருஷம் சொல்றேன்னாங்க."

மறுநாள் காலையில் அவரைக் கையோடு கல்லூரிக்குக் கூட்டிப் போனாள். மகள் வேலைக்குப் போய்விட்டதால் பேத்தியும் கூடவே வந்தது. அது தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கல்லூரியின் வாசல்களை எண்ணத் தொடங்கியது. ஆறுக்கு மேல் எண்ணத் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

"பதினாலு" என்றார் பிரின்சிபால், தானே எதிர்கொண்டு வந்து. "மொத்தம் பதினாலு வாசல். ஒண்ணுக்குக்கூட பூட்டுக் கிடையாது. எங்க கொள்கையே அதுதான். யாரையும் வெளிய நிறுத்தக் கூடாது."

"வகுப்பெல்லாம் எங்க நடக்குதுங்க?" என்றார் பூட்டுக்காரர். வாசல்களுக்குப் பின்னால் அறை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. ஒரு வாசலில் நுழைந்தால் அடுத்த வாசல் வந்தது.

"வகுப்பா?" பிரின்சிபால் புன்னகைத்தார். "பாடம்னு ஒண்ணு நடத்தினா சிலருக்குப் புரியும், சிலருக்குப் புரியாது. உடனே அங்க ஒரு ஏற்றத்தாழ்வு வந்துடுது. அதனால நாங்க பாடம் நடத்தறதில்லை. புத்தகம் வாங்கினோம்னு வைங்க, படிக்கத் தெரியாதவங்க மனசு புண்படும். உயர்கல்வியை எல்லாருக்கும் கொண்டு போகணும்னா அதுல இருக்கற கனமான சாமானையெல்லாம் முதல்ல இறக்கி வச்சுடணும். கல்வியை இறக்கிட்டோம். இப்ப எவ்வளவு சுலபமா போகுது பாருங்க."

பூட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. ஆனால் அடுத்த நொடியே நேராக நின்றது. ஏனென்றால் அலுவலகத்தின் மூலையில், ஓர் இரும்பு அலமாரியின் கீழே, அவருடைய கருவிப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் பூனை.

"வாங்கண்ணே" என்றான் அவன். "நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

விஷயம் இதுதான். அந்த இரும்பு அலமாரிக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பட்டச் சான்றிதழ்கள் இருந்தன. பட்டத்தை ஆளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று மொத்தத்தையும் பிரின்சிபாலே உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். கல்லூரியில் பூட்டு என்று இருந்தது அந்த ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை தலைநகரிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி வந்து அவற்றைத் தாள் தாளாக எண்ணுவார். எண்ணப்பட்டவர் பட்டதாரி. எண்ணப்படாதவர் அந்த நிமிடமே கம்ப்யூட்டரில் பழையபடி 'இல்லை' ஆகிவிடுவார். அதிகாரி வரும் நாள் வியாழக்கிழமை. பூட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது திங்கட்கிழமை. பிரின்சிபால் தன் மாணவர்களிலேயே சிறந்தவனைக் கூப்பிட்டு ஏதாவது செய்யச் சொன்னார். அவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பெட்டியைக் கொண்டுவந்தான். பெட்டி வந்ததே தவிர, கை வரவில்லை. இரண்டு கொக்கிகளைச் சாவித் துவாரத்துக்குள்ளேயே உடைத்து வைத்திருந்தான்.

உடைந்த கொக்கிகளைப் பார்த்ததும் பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏண்டா, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச கம்பிடா அது."

"கோச்சுக்காதீங்கண்ணே. எனக்கு மட்டும் ஆசையா?" பூனை தலையைக் குனிந்துகொண்டான். "காலேஜுன்னு சொன்னப்ப நெசமாவே சந்தோஷமா இருந்துச்சு. ஏதாவது ஒரு தொழில் சொல்லிக் குடுப்பாங்க, இந்தப் பொழப்பை விட்டுடலாம்னு நினைச்சேன். ஒரு புஸ்தகத்தையாவது பிரிச்சுக் காட்டுவாங்கன்னு பாத்தேன். எழுபத்தஞ்சு நாள் நடந்ததுதான் மிச்சம். பட்டத்தைக் குடுத்தப்புறம் வேலை கேட்டேன். உனக்குத்தான் ஒரு தொழில் தெரியுமேன்னு சொல்லிட்டாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று பூட்டுக்காரருக்குத் தோன்றியது. அந்தக் கட்டடத்தில் அதுவரை அவர் கேட்ட பேச்சிலேயே அறிவான பேச்சு அதுதான்.

பிரின்சிபால் பேரம் பேசவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார். நாளைக் காலை அதிகாரி வருவதற்குள் அலமாரியைத் திறந்துகொடுத்தால் பூட்டுக்காரருக்கு உடனே ஒரு பட்டம். எழுபத்தைந்து நாள் வாசலுக்குப் பதிலாக, பதினாலு வாசலையும் ஐந்து தடவை தாண்டி, கூடுதலாக ஐந்து வாசலையும் தாண்டினால் எழுபத்தைந்து கணக்கு சரி. பேத்தி குஷியாகக் கூடவே ஓடியது. முக்கால் மணி நேரத்தில் பூட்டுக்காரர் உயர்கல்வியை முடித்தார். சான்றிதழை அச்சடித்து மேசைமேல் வைத்தார்கள். முதுகுவலி தவிர வேறு மாற்றம் எதையும் அவர் உணரவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். மெல்லிய தகடு இரண்டை உள்ளே விட்டு, உடைந்த துண்டுகளை முள் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வெட்டாத சாவி ஒன்றை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, துவாரத்தில் நுழைத்துத் திருப்பி, கரி உரசிப்போன இடங்களைப் பார்த்து அரத்தால் தேய்த்தார். மறுபடி கரி, மறுபடி தேய்ப்பு. இரண்டு மணி நேரம் அந்த அறையில் ஒருவர் உண்மையிலேயே ஒரு வேலையைத் தெரிந்து செய்துகொண்டிருந்தார். பூனை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் வகுப்பு அது.

பதினோரு மணிக்குப் பூட்டு திறந்தது.

"கதவை மட்டும் சாத்திடாதீங்க" என்றார் பூட்டுக்காரர் நெற்றியைத் துடைத்தபடி. "உள்ள விசை உடைஞ்சிருக்கு. சாத்தினா நாக்கு விழுந்துடும். அப்புறம் நானே நினைச்சாலும் திறக்க வராது. நெருப்பு வச்சு வெட்டித்தான் எடுக்கணும், காகிதமெல்லாம் கருகிடும்."

பிரின்சிபால் அவருடைய சான்றிதழைப் பயபக்தியோடு கட்டின் மேலே வைத்து, கல்லூரிக் கம்ப்யூட்டரில் அவர் பெயரையும் ஏற்றினார். அறுநூற்றுப் பதின்மூன்று. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

அந்த அலுவலகத்துக்கும் நிலையத்துக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. கல்வி காவல் ஒருங்கிணைப்புச் சாளரம் என்று அதற்குப் பெயர்ப்பலகையும் உண்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரைட்டரின் கம்ப்யூட்டர் திடீரென்று விடாமல் கத்த ஆரம்பித்தது.

"சார்" என்றது ரைட்டரின் குரல். "நாப்பத்திரண்டும் சிவப்பாயிடுச்சு. இவரு பட்டதாரி ஆயிட்டாரு, வேற எதிரியைத் தேர்ந்தெடுங்கன்னு கேக்குது."

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். பூட்டுக்காரரை அவர் பார்த்த பார்வையில் நம்பிக்கைத் துரோகத்தைக் கண்ட வலி இருந்தது.

"வேற யார் இருக்கா? தேடுங்கய்யா."

"ஒரே ஒரு பேர் காட்டுது சார். போன மாசம் வெளியூர்ல இருந்து வந்திருக்கு. அம்மாவுக்கு அந்த ஊர்ப் பட்டம் இருக்கு, இது இங்க பிறக்காததால ஆஸ்பத்திரி சீட்டு இல்லை. வயசு நாலு. படிப்பு, இல்லை."

எல்லோரும் பேத்தியைப் பார்த்தார்கள். அது மேசைக்கடியில் உட்கார்ந்து, வளையத்தில் கோத்த வெட்டாத சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தது.

"அதுவா?" என்றாள் மனைவி.

"பதறாதீங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் ஆறுதலாக. "குழந்தையை யாராவது ஒண்ணு சொல்லுவாங்களா? பட்டியலுக்கு ஒரு பேரு வேணும், அவ்வளவுதான். நாளைக்குக் கூட்டிட்டு வந்து ஒரு கைரேகை மட்டும் குடுத்துட்டுப் போங்க. விளையாட்டு மாதிரி இருக்கும் அதுக்கு. பெரியவளாகிக் காலேஜ் முடிச்சா தானாவே அழிஞ்சுடும்."

"பையை அறுத்தது, கள்ளக் கையெழுத்து, மிரட்டல் கடிதம் எல்லாம் இதும் பேர்லயா?" என்றார் பூட்டுக்காரர்.

"வயசு அதிகம் இருந்தா நம்பும்படியா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா கம்ப்யூட்டர் வயசைக் கேக்கறதில்லையே. படிப்பைத்தானே கேக்குது."

"எடுத்துக்கும் சார்" என்றார் ரைட்டர், மேலே பார்க்காமல். அவர் விரல் விசையின் மேல் நின்றது. தட்டவில்லை.

பூட்டுக்காரருக்கு வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததே இல்லை. தன்மேல் நாற்பத்திரண்டு வழக்குப் போட்டபோது வராத கோபம். கத்தத் தெரிந்த மனிதர் இல்லை அவர். முப்பத்தொரு வருடமாகப் பூட்டோடு மட்டுமே பேசிப் பழகியவர். குனிந்து பேத்தியை மேசைக்கடியிலிருந்து எடுத்து மனைவி இடுப்பில் வைத்தார். திரும்பி நடந்தார். அலமாரியின் கதவில் உள்ளங்கையை வைத்து, அவசரமே இல்லாமல் சாத்தினார்.

உள்ளே நாக்கு விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன பண்ணிட்டீங்க?" என்றார் பிரின்சிபால்.

"பூட்டிட்டேன்" என்றார் பூட்டுக்காரர். "அதானே என் தொழில்."

அந்த நேரம் பார்த்துத்தான் தணிக்கை அதிகாரி அம்மாள் உள்ளே நுழைந்தார். ஒல்லியான உருவம், தாள் எண்ணுவதற்கு விரலில் ஒரு ரப்பர் உறை, கையில் ஓர் ஈரப் பஞ்சு. பிரின்சிபால் அரை மணி நேரம் பேசினார். அறுநூற்றுப் பதின்மூன்று பட்டங்களும் இந்தக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்றார். தட்டியும் காட்டினார். அதிகாரி அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"எண்ணறதுதான் என் வேலை" என்றார் கடைசியில். "நம்பறது வேற பிரிவு. எண்ண ஒண்ணும் இல்லைன்னா பூஜ்யம்னு எழுதுவேன்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். வந்த வண்டியிலேயே பன்னிரண்டே காலுக்குத் திரும்பிவிட்டார். இந்தத் திட்டத்தில் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போன ஒரே அதிகாரி அவர்தான். பாவம், அவரைப் பிறகு வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கத்துவதை நிறுத்தியது. ரைட்டர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஊர் மொத்தமும் 'இல்லை' ஆயிடுச்சு."

"நானுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்க எம்.ஃபில். அலமாரிக்குள்ள இருக்கு சார்."

பிரின்சிபால் தன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவருடைய முனைவர் பட்டமும் அங்கேதான் இருந்தது. அதை வாங்கத்தான் அவர் இந்தக் கல்லூரியையே ஏற்றுக்கொண்டிருந்தார்.

ரைட்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, நாலு மடிப்பாக மடித்த ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். யார் உண்மையில் எதைச் செய்தார்கள் என்று வருடம் முழுக்க அதில் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். யாரும் கேட்டதில்லை, பழக்கம் விடவில்லை. நாற்பத்திரண்டு வழக்குகளுக்கும் ஒவ்வொன்றாக உரிய பெயரைத் தட்டினார். பை அறுத்தவன் பெயர், குழாய் கழற்றியவன் பெயர், மேலாளரின் கையெழுத்தை மேலாளரைவிட நன்றாகப் போட்ட வங்கி எழுத்தர் பெயர். ஒவ்வொன்றுக்கும் திரை மணி அடித்துப் பச்சையானது. கடைசியாகக் கருவிப் பெட்டி வந்தது. பூனை ஜன்னல் ஓரம் வந்து நின்று, தன் பெயரைச் சரியாக எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

பிறகு, பட்டதாரி மேல் போட வழியில்லாமல் நோட்டிலேயே தங்கிவிட்ட மற்றக் குற்றங்களையும் ரைட்டர் தட்டிவிட, அன்றைக்கே ஊரின் குற்ற விகிதம் வரைபடத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. ஆணையம் மறுபடி உட்கார்ந்தது. பட்டதாரிகளின் எண்ணிக்கை பூஜ்யமானதும் குற்றம் கூரையைத் தொட்டதும் ஒரே நாளில் நடந்ததைச் சுட்டிக்காட்டி, கல்வி குற்றத்தைக் குறைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்றது. நிலையத்தின் மறுபக்கச் சுவரை ஒட்டி இன்னொரு கல்லூரி வரப்போகிறது. இதற்கு இருபத்தெட்டு வாசல்.

பூட்டுக்காரரின் பெட்டி மட்டும் திரும்பி வரவில்லை. புகார் முறைப்படி ஏற்கப்பட்டுவிட்டதால் அது இப்போது வழக்குப் பொருள். வழக்கு முடியும்வரை நிலையத்தின் பொருள் அறையில் பூட்டி வைத்தாக வேண்டும். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டதற்கு, பேத்தி கல்லூரிக்குப் போகிற வயதில் ஒருமுறை வந்து விசாரித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பூட்டுக்காரர் நிலையத்துக்கு வந்தார். ரைட்டர் மட்டும் இருந்தார். பூட்டுக்காரர் நேராகப் பொருள் அறைக்குப் போனார். அந்தப் பூட்டைப் போட்டவரே அவர்தான் என்பதால், சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு வளைந்த கம்பியே போதுமாக இருந்தது. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். கதவை ஒழுங்காகப் பூட்டினார்.

"வரேன் சார்" என்றார். போய்விட்டார்.

ரைட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நாலாவது கட்டம் காலியாகக் காத்திருந்தது. ஆணையத்தின் கண்டுபிடிப்புக்கு முழுக்கப் பொருந்திவருகிற ஒரு திருட்டு, மூன்று வருடத்தில் முதல் முறையாக, அவர் கண்ணெதிரே நடந்திருந்தது. படிக்காத ஒருவர் திருடியிருந்தார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் பத்திரப்பதிவு அலுவலகச் சுவரோரம் வண்டியை நிறுத்தினார். குடைக்குக் கீழே பூட்டுக்காரர் அரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், ஜாமீனில் வந்த பூனை, ஒரு வெட்டாத சாவியை மெழுகுவத்தியில் காட்டிக் கரி பிடிக்க வைக்கக் கற்றுக்கொண்டிருந்தான். ரைட்டர் தன் வண்டிச் சாவியை நீட்டி, இதேபோல இன்னொன்று வேண்டும் என்றார்.

"காலையில நடந்ததை எழுதலையா சார்?" என்றார் பூட்டுக்காரர், சாவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி.

"எழுதினா எடுத்துக்கும்" என்றார் ரைட்டர். "அதான் எழுதலை."